ஐந்து கட்டையில் ஒரு மோட்டார்

தம்புராவின் தந்திகள் குதிரைமேல் ஏறும் இடத்தில், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு துண்டு நூல் கிடக்கும். ஜீவா என்பார்கள். கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட அது கண்ணில் படாது. நூலை எடுத்துவிட்டாலும் தந்தி சுருதியில்தான் நிற்கும். ஆனால் மீட்டினால் டங்கென்று ஒலித்து அடங்கிவிடும். நூலைச் செருகி, விரல்நுனியால் நெல்முனை அளவு முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே மீட்டிப் பார்க்க வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் ஒலி சட்டென்று திறந்துகொள்ளும். அந்த ரீங்காரத்துக்குள் யாரும் மீட்டாத காந்தாரம்கூடக் கேட்கும். இன்னும் ஒரு நூலிழை தள்ளினால் அத்தனையும் கரகரப்பாகிவிடும். தந்தி அதே தந்தி, சுருதி அதே சுருதி, மீட்டுகிற விரலும் அதே விரல்.

திருப்பூரில் நூலுக்கா பஞ்சம்? எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர், பக்கத்து நிட்டிங் கம்பெனியில் ஓடித் தீர்ந்த கோன்களின் அடியில் மிஞ்சும் நூலைத்தான் ஜீவாவுக்கு வைக்கிறார். பனியன் நூலில் முறுக்கு குறைவு. துணி உடம்பில் மெத்தென்று கிடக்கவேண்டும் என்பதற்காக அப்படி நூற்கிறார்கள். தம்புராவுக்கு அந்த மென்மை ஆகாது. "ஒத்தை இழை வெச்சா ரெண்டே நாள்ல நசுங்கிப்போயிருதுங்க. நாலு இழை சேத்தித் தொடைமேல வெச்சு முறுக்கிக்கோணும்" என்றார். முறுக்கேறிய நூலில் நாதம் கொஞ்சம் கறாராக இருந்தது. பட்டு நூல் வைத்துக் காட்டினார். அது வேறு மாதிரி குழைந்தது. ஏற்றுமதி டீசர்ட்டாகிக் கப்பலேற வேண்டிய முப்பதாம் நம்பர் நூலில் நாலு விரற்கடை, ஒரு ஷட்ஜத்தின் குணத்தை முடிவு செய்துவிடுகிறது.

சி.வி. ராமன் 1921இல், நோபல் பரிசுக்கெல்லாம் பல வருஷம் முன்பு, கல்கத்தாவில் இருந்தபடி வீணை, தம்புரா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேலை நாட்டுத் தந்திக் கருவிகளுக்கு ஒரு விதி உண்டு: தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்று நிற்கவேண்டிய மேற்சுரங்கள் ஒலியில் எழக்கூடாது. நம் கருவிகள் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று ராமன் காட்டினார். காரணம் குதிரை. அங்கே தந்தி ஒரு கூரான விளிம்பில் படிந்து நிற்கிறது. இங்கே அகலமாக, மெல்ல வளைந்த பரப்பில் கிடக்கிறது. அதிரும்போதெல்லாம் அந்த வளைவை உரசி உரசி விலகுகிறது. அந்த உரசல்தான் மேற்சுரங்களுக்குத் தீனி. உரசல் சரியான இடத்தில் நடக்கும்படி தந்தியை இம்மியளவு தூக்கிக்கொடுப்பதுதான் நூலின் வேலை. தம்புரா செய்த ஆசாரிகள் யாரும் எந்த விதியையும் மீறுவதாக நினைத்திருக்கமாட்டார்கள்.

சுரம் ஒன்றாக இருந்தும் ஒலி வேறாக இருப்பது எப்படி என்பதற்குத் திருப்பூரில் ஓர் உதாரணம் நாள்முழுக்கக் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பழைய பவர் டேபிள் தையல் மெஷின்களுக்கு அடியில் கிளட்ச் மோட்டார் இருக்கும். காலையில் சுவிட்சைப் போட்டதிலிருந்து அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்; டெய்லர் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் முனகும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாருக்குள் இருக்கும் இரும்பு அதற்கு இரட்டிப்பாக 100 ஹெர்ட்ஸில் அதிரும். கர்நாடக சங்கீதப் பாடகிகள் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டை ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி இறக்கினால் 98. ஆக, நூறு டேபிள் போட்ட ஹால் ஒன்று ஐந்து கட்டையில், இம்மி தூக்கலாக, காலை எட்டரையிலிருந்து சுருதி பிடித்து உட்கார்ந்திருக்கிறது. மந்திர ஷட்ஜத்தில் இத்தனை பெரிய சுருதிப்பெட்டி எந்த சபாவிலும் கிடையாது.

ஆனாலும் அதை ஒருவரும் சுருதி என்று சொல்வதில்லை. "மோட்டார் எரையுது" என்போம், அவ்வளவுதான். தம்புராவுக்கும் மோட்டாருக்கும் அடிச்சுரம் ஒன்று. அதன் மடங்குகள் எந்தெந்த அளவில் சேர்ந்திருக்கின்றன என்பதில்தான் ஒலியின் நிறம் இருக்கிறது என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இலேயே தம் பெரிய நூலில் எழுதிவிட்டார். அவர் சொன்னதோடு கூட்டிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: அந்த மடங்குகள் நேரத்தோடு எப்படி நடந்துகொள்கின்றன என்பது. தம்புராவில் ஒவ்வொரு மீட்டுக்கும் அவை மலர்ந்து, மேலிருந்து கீழாக வடிந்து, அடங்குவதற்குள் அடுத்த தந்தி எழுகிறது. மோட்டாரில் அவை ஆணி அடித்தாற்போல் நிற்கின்றன. மாறாத ஒலியைக் காது கொஞ்ச நேரத்தில் கணக்கிலிருந்து தள்ளிவிடும். மாறிக்கொண்டே இருப்பதைத் தள்ளமுடியாது.

நம் சங்கீத எழுத்தில் ஒலியின் நிறத்துக்கு இடமே இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்று ஒரு மலையைப் புரட்டிப்போட்டார்; ஒரு ஸ்தாயிக்குள் சுருதி எத்தனை என்ற கணக்கு அதில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. அதற்குப் பின் வந்த சண்டைகளும் பெரும்பாலும் சுருதிக் கணக்கு, ராக லட்சணம், தாள நுட்பம் என்றே போயின. கச்சேரி விமர்சனத்தில் ராகம் பேர் வரும், தனி ஆவர்த்தனத்தில் வாசித்த கோர்வை வரும். குரலின் குணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘சுகமான சாரீரம்’ என்ற இரண்டு வார்த்தையில் கடையைச் சாத்திவிடுவோம். எந்தச் சுகம், எங்கிருந்து வரும் சுகம் என்று கேட்கமாட்டோம். ராகம் கண்டுபிடிப்பது ஒரு திறமையாகிவிட்டது. குரல் கண்டுபிடிப்பது எல்லாருக்கும் வரும் என்பதால் அதற்கு மதிப்பில்லை போலிருக்கிறது.

எல்லாருக்கும் வருகிறது என்பதுதான் ஆச்சரியமே. கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் குரலை, இந்தப் பக்கத்துக் கிராமம் எதிலும், ராகத்தின் பேரே தெரியாத கிழவிகள் முதல் அட்சரத்திலேயே சொல்லிவிடுவார்கள். பாட்டு என்ன என்று தெரிவதற்கு முன்பே ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. மைக் புழக்கத்துக்கு வராத நாடகமேடையில், பாய்விரித்து உட்கார்ந்த கடைசி வரிசைக்கும் எட்டவேண்டிய தொண்டை அது. காது மிகக் கூர்மையாக இருக்கும் இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் வலு இல்லாத குரல் அந்த மேடையில் பிழைத்திருக்காது. அந்தக் கணீரில் ஒரு கொட்டகையின் நீள அகலமும் சேர்ந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். பின்னால் சினிமாவில் மைக்குக்கு முன் நின்றபோதும் அவர் அதை விடவில்லை.

ஓர் ஒலி யாருடையது, எதனுடையது என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் தொடக்கம்தான். வானொலிப் பொறியாளர் பியர் ஷேஃபர் 1948இல் பாரிஸ் வானொலியில் ஒரு மணியோசையைப் பதிவுசெய்து, அடி விழும் முதல் கணத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டுக் கேட்டார். மணி காணாமல் போய், ஊதுகருவி போல ஒன்று கேட்டது. அதே வருஷம் ரயில் ஓசைகளை மட்டும் வைத்து ஒரு இசைத்துண்டும் செய்து ஒலிபரப்பினார். திருப்பூர்க் காதர்பேட்டைப் பக்கம் ஒரு மாசம் தங்கியிருந்தால் மனுஷன் நூறு செய்திருப்பார்.

பனியன் கம்பெனி ஆட்களுக்கு இந்தக் காது தொழிலோடு வருகிறது. ஓவர்லாக், பேட்லாக், காஜா மெஷின் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வது ஒரு விஷயமே இல்லை. அதற்கு மேலே போகிறார்கள். ஊசிமுனை மழுங்கினால், துணியின் கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்குவதற்குப் பதிலாகக் குத்திக் கிழித்துக்கொண்டு இறங்கும். தைத்த இடத்தில் பொடிப்பொடி ஓட்டை விழுவது செக்கிங்கில் உட்கார்ந்திருக்கும் அக்கா கைக்கு வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்பே சத்தம் மாறிவிடும்: சரசரவென்று ஓடிய மெஷினில் ஒரு பொத்துப்பொத்து சேர்ந்துகொள்ளும். வேகம் குறையவில்லை, தாளம் தப்பவில்லை, நிறம் மட்டும் மாறியிருக்கிறது. நல்ல டெய்லர் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். முப்பது அங்குல விட்டம், 24 கேஜ் நிட்டிங் மெஷின் ஒன்றில் 2,200க்கும் மேலே ஊசிகள். அதில் ஒன்று கெட்டாலும் துணியில் நெடுக்கக் கோடு விழும். எனக்குத் தெரிந்த பிட்டர் ஒருவர் ஷெட்டுக்குள் நுழையும்போதே தலையைச் சாய்த்துக்கொள்வார். "ஏனுங்ணா, மூணாவது மெஷின் கனைக்குதே, பாத்தீங்களா?" என்பார். ஆபரேட்டர் நின்றுகொண்டிருந்தது அதே மெஷின் பக்கத்தில்தான். எனக்கு அங்கே கேட்டது ஒரே இரைச்சல்.

இந்தக் காதுகளுக்குத்தான் கம்பெனிகளில் பாட்டும் போடுகிறார்கள். சுவரோரம் ஒரு ஸ்பீக்கர், அல்லது டேபிள் மேல் சாய்த்துவைத்த போன். அந்த விரற்கடை ஸ்பீக்கரிலிருந்து சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் வராது. கொஞ்சநஞ்சம் வருவதையும் மோட்டாரின் முனகல் மூடிவிடும். ஆக, கம்பெனியில் கேட்கும் இளையராஜா என்பது அடியை அறுத்தெடுத்த இளையராஜா: குரல் இருக்கும், வயலின் கூட்டம் இருக்கும், பாஸ் கிடாரும் தபேலாவின் டக்காவும் போயிருக்கும். போனது தெரியாமல் மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். மேற்சுரங்கள் காதுக்கு எட்டினால் போதும், அடிச்சுரத்தை அதுவே ஊகித்துக்கொள்கிறது. ஷிப்ட் விட்டு பஸ் ஏறினால் கணக்குத் தலைகீழ். கொங்கு நாட்டுத் தனியார் பஸ்களில் சீட்டுக்கு அடியில் வூபர் வைத்திருப்பார்கள். அவிநாசியிலிருந்து வரும் பஸ் ஒன்றில் பாடகி யார் என்று தெரியாமலே ஒரு பாட்டு முழுக்க முதுகெலும்பில் கேட்டு முடித்தேன். ஒரே பாட்டின் மேல்பாதியைக் கம்பெனியிலும் கீழ்பாதியைப் பஸ்ஸிலும் கேட்டு முடிக்கிற ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சாயப்பட்டறை லேப்பில் லைட் பாக்ஸ் என்று ஒன்று உண்டு. பகல்வெளிச்சத்தில் பையர் அனுப்பிய ஷேடோடு அச்சாகப் பொருந்திய துணி, கடை விளக்கு வெளிச்சத்துக்கு மாற்றினால் வேறு நிறமாக நிற்கும். எந்த வெளிச்சத்தில் பார்த்தது என்று எழுதாமல் ஷேடு ஓகே என்று கையெழுத்துப் போடக்கூடாது. ஒலியின் நிறமும் அப்படித்தான், எந்த இடத்தில் கேட்டோம் என்பதைச் சேர்த்தே அது அமைகிறது. கரண்ட் போகும் நொடியில் இது விளங்கும். மின்வெட்டு கடுமையாக இருந்த 2012 வாக்கில் தினம் பலமுறை விளங்கியது. மோட்டார்கள் அடங்கும், டேபிள் மேலிருக்கும் போன் மட்டும் பாட்டரியில் பாடிக்கொண்டிருக்கும். அதே போன், அதே எஸ். ஜானகி. ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவே அவர் மூச்செடுப்பது அப்போதுதான் கேட்கும். ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஒரு சரணம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இப்போது பல கம்பெனிகளில் சர்வோ மோட்டார் வந்துவிட்டது, மிதித்தால்தான் ஓடும். ஹால் முன்னைவிட அமைதி. அந்த அமைதியில் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று பார்த்தால், ஆளாளுக்குக் காதில் இயர்போன்.

இயர்போன்களில் பாதி போஜ்புரியும் ஒடியாவும். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாப் பையன்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் போடுவார்கள். சொல் ஒன்றும் புரியாது. ஆனால் பின்னால் வரும் கீபோர்டு ஓசையை எனக்கு நன்றாகத் தெரியும். நம்மூர்த் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவிலும் அதே பொத்தான், அதே ஷெனாய், அதே கைத்தட்டல். ஒரே கம்பெனி அங்கேயும் இங்கேயும் ஒலியை மொத்தவிலைக்கு அனுப்பியதுபோல. குரல் மட்டும் அப்படி ஒன்றாகிவிடவில்லை. மூக்கில் ஏற்றிப் பாடும் அந்தக் குரலுக்கும் நம் கானாக் குரலுக்கும் உள்ள தூரம் அப்படியே கிடக்கிறது.

தம்புரா நூலுக்குச் சொன்னது மிருதங்கத்துக்கும் பொருந்தும். வலந்தலையில் தோல் அடுக்குகளுக்கு நடுவே சின்னச்சின்னக் குச்சி செருகுவார்கள்; சிலர் கல் துணுக்கு வைப்பார்கள். குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம் என்று இரண்டு ஜாதியே உண்டு. நாதத்தில் இரண்டுக்கும் ஊர்ப்பட்ட வித்தியாசம். நடுவே கறுப்பாக இருக்கும் கரணையைக் கல்பொடியும் சோறும் பிசைந்து, பூசி, தேய்த்து, மறுபடி பூசி, அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். சாதாரணத் தோலில் மேற்சுரங்கள் தறிகெட்டு எழும். கரணை ஏறிய தோலில் அவை தந்தியில் எழுவதுபோல ஒழுங்காக அடுக்கி எழுகின்றன. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் சொல்லி உலகம் தெரிந்துகொண்டது இது. கரணை ஏற்றியவர்களைப் பற்றி உலகம் தெரிந்துகொள்ள இன்னும் நூறு வருஷம் ஆனது. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதி 2020இல் வெளியிட முனைந்தபோது, கலாக்ஷேத்ரா அரங்கு தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் மறுத்தது. புத்தகம் வேறு இடத்தில் வெளியானது. நாதத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை என்றேனே, அதற்கான காரணத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. ராகத்தைப் பற்றிப் பேசினால் தியாகராஜரோடு நின்றுவிடலாம். நாதத்தைப் பற்றிப் பேசினால் தோல், தோலை உரித்தவர், பதப்படுத்தியவர், வார் பிடித்தவர் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும்.

கொங்கு நாட்டில் அதை மறைக்க வழியில்லை, இங்கே தோல்தான் முன்னால் வரும். காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர் அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடவைத்துப் பதிவுசெய்தார். அதை ஆராய்ந்து 1982இல் புத்தகமும் எழுதினார். கதை, குலங்கள், சண்டைகள், சாவுகள் எல்லாம் அதில் வந்துவிட்டன. ஆனால் இந்தக் கதை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தால், கதைக்கு முன்னால் உடுக்கை வந்துவிடுகிறது. ஒரு கைக்குள் அடங்கும் கருவி. இடுப்புக் கயிற்றை அமுக்கினால் தோல் இறுகி ஓசை மேலே ஏறும், விட்டால் இறங்கும். ஒரு சுரத்தில் நிற்காமல் விம்முவதும் தணிவதுமாக இருக்கும் அந்த ஒலி, பாட்டுக்காரர் ஒரு சொல் பாடுவதற்கு முன்பே சிலருக்கு உடம்பில் ஏறிவிடும். பெரியகாண்டி அம்மன் கோயில்களில் படுகளச் சடங்கின்போது சாய்ந்து விழுகிறவர்களில் பலருக்கு அந்த நேரத்தில் எந்த அடி பாடப்படுகிறது என்பது கணக்கே இல்லை என்பது என் எண்ணம். அவர்களை எடுத்துப்போவது ஓசையின் நிறம்.

தப்பட்டைக்கு வருகிறேன். தோல் தப்பட்டையை அடிப்பதற்கு முன் தீயில் காட்டிக் காய்ச்ச வேண்டும். காகிதமோ வைக்கோலோ கொளுத்தி, வட்டமாகத் திருப்பித் திருப்பி, விரலால் சுண்டிப் பார்த்து, போதும் என்ற இடத்தில் எடுக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் பொதபொதவென்று கிடக்கும், பிந்தினால் தோல் வெடித்துவிடும். ஆடி மாசத்துச் சாரலில் இதே வேலையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் இப்போது பைபர் வந்துவிட்டது. மழைக்கு அசையாது, நெருப்பு வேண்டாம், ஆட்டோவில் தூக்கிப்போட்டால் போதும். சத்தமும் எட்ட வரைக்கும் கேட்கும். ஆனால் அந்தச் சத்தம் அடித்த கணத்திலேயே முழுசாக முடிந்துவிடுகிறது. தோலில் அடிக்குப் பின்னால் ஒரு வயிறு இருக்கும், பைபரில் அது இல்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்பதும் தெரியும். தோலைச் சுமப்பதில் என்னென்ன சுமை சேர்ந்திருக்கிறது என்பது சுமப்பவருக்குத்தான் தெரியும். பிளாஸ்டிக்கைப் பார்த்து ‘பாரம்பரியம் போச்சே’ என்று அங்கலாய்ப்பவர்கள் பெரும்பாலும் தோலைத் தொடாதவர்கள்.

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு செட்டில் அடிக்கிறவரிடம் கேட்டேன். ரெண்டும் வைத்திருக்கிறார். கட்சி ஊர்வலம், கடைத் திறப்பு என்றால் பைபர். மாரியம்மன் கோயிலுக்குத் தோல். கூலி ஒன்றுதான். போன வருஷம் பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கிற அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதாம். தோல் எல்லாம் தொய்ந்துபோய், வேறு வழியில்லாமல் ஆட்டோவிலிருந்து பைபரை எடுத்திருக்கிறார்கள். "அப்ப சாமி வந்துச்சுங்களா?" என்று கேட்டேன். நான் எதற்காகக் கேட்கிறேன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

"வராம எங்கீங்க போகும்? வந்துச்சு. என்ன, எப்பவும் மூணாவது அடிக்கே வர்றது, அன்னைக்கு எங்களைக் கொஞ்சம் வேர்க்க வெச்சிருச்சு."